அளவு நோட்டும் திட்டு நோட்டும்

ஏப்ரல் 21, திங்கள்

தூக்க மாத்திரை வாங்கப் போன இடத்தில் வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரி, பன்னிரண்டாம் நம்பர் அறை. டாக்டர் பெயர் நிலோஃபர். "படுத்தா மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டார். "என்னையே திட்டிக்கிட்டுக் கெடப்பேன்" என்றேன். என்னவென்று திட்டுவேன் என்று கேட்டார். இரண்டு மூன்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சின்ன வயசுல வீட்ல யாரு உங்கள இப்படித் திட்டுவாங்க? அம்மாவா?"

"எங்கம்மா கோழியக்கூட அதட்டாது. அப்பா வாயே தெறக்க மாட்டாரு. பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்கு எம்பேரே தெரியாது. இது முழுக்க நானே தச்சது டாக்டர்."

வருகிற திட்டையெல்லாம் வந்தபடியே ஒரு நோட்டில் எழுத வேண்டுமாம். நேரத்தோடு. திருத்தக் கூடாதாம். மாத்திரை கேட்டேன். நோட்டைக் காட்டினால் மாத்திரை என்றார். அதனால்தான் எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

முதல் பக்கத்தில் யார், என்ன என்று எழுதச் சொன்னார். என் பெயர் தெய்வானை. வயது நாற்பத்து மூன்று. அருப்புக்கோட்டையில் கடை வைத்து ஜாக்கெட் தைக்கிறேன். இருபத்து மூன்று வருடத் தொழில். இந்த நோட்டு, சிமெண்டு கடைக்காரர் போன வருடம் கொடுத்த இரண்டு டைரிகளில் ஒன்று. இன்னொன்று கடையில் அளவு நோட்டாக இருக்கிறது. பழைய டைரி என்பதால் கிழமை தப்பாக இருக்கிறது. அடித்துவிட்டு எழுதினேன். அடித்த கோடு கோணிவிட்டது.

"ஒரு கோடு நேரா இழுக்கத் தெரியல. நீயெல்லாம் டெய்லர்."

கணக்கு தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை 5.40. பால் பொங்கியது. "ஒரு பாலப் பாக்கத் துப்பில்ல."

6.15. சட்னியில் உப்பு கூட. "நாக்கு செத்தவ."

9.10. கடைச் சாவியை வீட்டிலேயே விட்டு வந்தது. "தலைய மறந்துட்டு வராம இருந்தியே, அதுவரைக்கும் சரி."

இதற்கு மேல் எழுதினால் தைக்க முடியாது. மொத்தம் 31. என் வீட்டுக்காரர் நூல் மில்லில் சூப்பர்வைசர். ஷிப்டு முடிந்து வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "நல்லது" என்றார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார். இதில் மூன்று போய்விட்டன.

ஏப்ரல் 24, வியாழன்

27.

ரெஜினாவைப் பற்றி எழுத வேண்டும், இல்லாவிட்டால் டாக்டருக்குப் புரியாது. ரெஜினா என் கடையில் ஏழு வருடமாக இருக்கிறாள். கொக்கி கட்டவும் கைத்தையலுக்கும் வந்தவள். போன ஆவணியிலிருந்து கட்டிங்கும் அவள்தான். தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். எனக்குத் தோள்பட்டை வலி வேறு.

வலி எந்தத் தோளில் என்று இன்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். இடது என்றேன். கத்தரிக்கோல் வலது கையில்தானே பிடிப்பீர்கள் என்றார். இரண்டு தோளும்தான் என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

33. மார்க்கெட்டைச் சுற்றிக் கடைக்குப் போகிறேன். நேர்த்தெருவில் ஹார்டுவேர் கடை இருக்கிறது. சுற்றினால் எட்டு நிமிடம் கூட ஆகும். நடப்பது உடம்புக்கு நல்லது.

மே 5, திங்கள்

டாக்டர் நோட்டை முழுவதும் வாசித்தார். கோணல் கோட்டைக்கூட விடவில்லை. அரை அட்டை மாத்திரை கொடுத்தார். மீதி அரைக்கு இரண்டு வீட்டுப்பாடம்.

ஒன்று, யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றை எழுதுவது. எழுதிவிடுகிறேன், முடிந்துபோகட்டும்.

போன ஆவணியில் ஹார்டுவேர் கடை இந்துராணி அக்காவின் மூத்த பெண்ணுக்கு முகூர்த்த ஜாக்கெட். சேலையோடு ஒட்டி வருகிற பிட். அது ஒன்றுதான் இருக்கும், வீணானால் கடையில் வாங்க முடியாது. கைக்கு ஜரிகை பார்டர் வர வேண்டும். கை இரண்டையும் எதிரெதிராக வைத்து வெட்ட வேண்டும், அப்போதுதான் ஒன்று வலது, ஒன்று இடது. நான் இரண்டு துண்டையும் நல்ல பக்கம் மேலே பார்க்க ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெட்டினேன். இரண்டும் இடக்கை. திருப்பிப் போட்டால் ஜரிகையின் பின்பக்கம் வெளியே வரும். தையல் பழகும் முதல் மாதத்தில் பிள்ளைகள் செய்கிற தப்பு. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. இரண்டு இடக்கை உள்ள மணப்பெண் இந்த ஜில்லாவில் கிடையாது.

மதுரையில் போய் வேறு நிறத்தில் ரெடிமேடு வாங்கிப் போட்டார்கள். அறையிலேயே பாதி சொன்னபோது, இந்துராணி அக்கா உங்களிடம் என்ன சொன்னார் என்று டாக்டர் கேட்டார். ஞாபகமில்லை என்றேன்.

இரண்டாவது வீட்டுப்பாடம் விசித்திரமானது. திட்டு வரும்போது என் பெயருக்குப் பதில் கூட வேலை பார்க்கிறவர் பெயரைப் போட்டு எழுத வேண்டுமாம். "அவங்ககிட்ட இதச் சொல்வீங்களான்னு பாருங்க" என்றார். கூட வேலை பார்ப்பது ஒருத்திதான்.

மே 6, செவ்வாய்

"ரெஜினா, ஒரு பாலப் பாக்க உனக்குத் துப்பில்ல."

எழுதும்போது கை கூசியது. ரெஜினா வீட்டில் பால் பொங்கியதே இல்லை என்பது வேறு. மொத்தம் 19. கூச்சத்தில் சில விட்டுப்போயிருக்கலாம்.

மே 9, வெள்ளி

எட்டு மாதமாக நான் சுற்றி நடந்தது வீண். இந்துராணி அக்கா தானாகவே கடைக்கு வந்துவிட்டார். பார்த்ததும் டிரையல் ரூம் திரைக்குப் பின்னால் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். அது மூன்றடிக்கு மூன்றடி.

இளைய பெண் கோகிலவாணிக்கு ஜூன் 8 முகூர்த்தம். மயில்கழுத்து நிறப் பட்டு. ஒட்டி வந்த பிட்டை வெட்டி எடுத்து, மடித்து மேசையில் வைத்தார்.

"நீதான் வெட்டணும்."

"இப்ப ரெஜினாதாங்க்கா வெட்றா. நல்லா வெட்றா."

"ரெஜினா தைக்கட்டும். நீ வெட்டு. அன்னைக்கே சொன்னேன்ல, துணிதான போச்சு, ஆளா போச்சுன்னு. அப்புறம் எதுக்கு எங்க தெருப்பக்கமே தல காட்டாமத் திரியுற?"

ரெஜினா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இந்துராணி அக்கா இனி என் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டதாக ரெஜினாவிடம் நான் சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னது யார் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஜூன் 5 டெலிவரி. பிட் மேசை மேல் இருக்கிறது. மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

மே 12, திங்கள்

திட்டு பாதிக்கு மேல் கடையில்தான் வருகிறது. அதனால் நோட்டைக் கடைக்குக் கொண்டுபோனேன். வீட்டுப்பாடத்தைச் சுத்தமாகச் செய்தேன். கூச்சம் போய்விட்டது. ஒரே நாளில் நான்கு பக்கம்.

"ரெஜினா, கத்தரிக்கோலத் தொட உனக்கு லாயக்கு கெடையாது."

"ரெஜினா, உன்ன நம்பித் துணி குடுக்குறவங்க கண்ணு தெரியாதவங்க."

"ரெஜினா, இந்தக் கடைக்குப் பிடிச்ச தரித்திரமே நீதான்."

"ரெஜினா, நீ இல்லன்னா ஒருத்தரும் தேட மாட்டாங்க."

இப்படி நாற்பத்தாறு. டாக்டர் சந்தோஷப்படுவார்.

மே 13, செவ்வாய்

லைனிங் துணி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போய் வந்தேன். கோகிலவாணியின் அளவை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். ரெஜினா எடுத்து வைக்கவில்லை. இந்த நோட்டுதான் மேசை மேல் விரிந்து கிடந்தது. ஃபேன் காற்றுக்குத் திறந்திருக்கும்.

ரெஜினா தலைவலி என்று அரை மணி முன்னதாகக் கிளம்பினாள். கிளம்பும் முன் மூன்று ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டி, தரையைக் கூட்டி, கத்தரிக்கோலைத் துடைத்து என் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். பொறுப்பான பெண்.

மே 14, புதன்

ரெஜினா வரவில்லை. போன் செய்தேன். அவள் வீட்டுக்காரர் எடுத்தார். "ஒடம்புக்கு முடியல" என்றார். என்ன உடம்புக்கு என்று கேட்டேன். "அவளத்தான் கேக்கணும்" என்றார்.

மே 15, வியாழன்

வரவில்லை. சுக்குப் பொடி அரைத்துக் கொடுத்தனுப்பினேன். பொட்டலம் பிரிக்காமல் திரும்பி வந்தது.

எட்டு ஜாக்கெட் வெட்டாமல் கிடக்கிறது. வாடிக்கையாளர்களிடம் மிஷின் ரிப்பேர் என்றேன். வெட்டுவதற்கு மிஷின் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மே 16, வெள்ளி

கோகிலவாணியின் அளவு தேடி நோட்டை எடுத்தேன். தப்பான நோட்டு. இரண்டும் ஒரே பச்சை அட்டை, ஒரே சிமெண்டு மூட்டை படம். பிரித்ததும் திங்கள்கிழமைப் பக்கம் வந்தது.

ரெஜினாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, ரெஜினாவாக அதை வாசித்தேன். மூன்றாவது வரிக்கு மேல் முடியவில்லை. ஃபேன் காற்று என்று எழுதியிருக்கிறேன். அன்று மின்சாரமே இல்லை.

மே 17, சனி

ரெஜினா வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"எதுக்குக்கா வந்தீக? தரித்திரம் பிடிச்ச வீட்டுக்கு."

"ரெஜினா, அது உனக்கு எழுதுனது இல்ல."

"எம்பேருதான போட்டுருக்கு. நாலு பக்கம். ஒரு எடத்துலகூட அடிச்சுத் திருத்தல, அழகா எழுதிருக்கீக."

"டாக்டரு எழுதச் சொன்னாங்க."

"என்னத் திட்டி எழுதச் சொல்லி கவர்மெண்டு டாக்டரு சொன்னாங்களா."

வீட்டுப்பாடத்தை விளக்கினேன். எவ்வளவு விளக்குகிறேனோ அவ்வளவு பொய் மாதிரி எனக்கே கேட்டது. கடைசியில் நோட்டையே அவள் மடியில் வைத்தேன். "மொதல்ல இருந்து வாசி" என்றேன்.

கீரைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசித்தாள். ரெஜினா மெதுவாகத்தான் வாசிப்பாள், உதட்டை அசைத்து. பாலில் ஆரம்பித்தாள். என் வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவள் உதட்டில் வந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரம் ஆனது. உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

முடித்துவிட்டு நோட்டை மூடினாள்.

"இது எத்தன வருசமா?"

"கட வச்சதுல இருந்து. அதுக்கு முன்னாடியும் இருக்கும்."

"ஒரே ஒரு நாளு, ஒரே ஒரு தடவ வாசிச்சேன்க்கா. நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. நீங்க எப்பிடிக்கா மூணு வேளையும் சாப்புடுறீக?"

சாப்பிடத்தான் செய்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். தெருவில் இரண்டு பேர் பார்த்தார்கள். ரெஜினா எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறகு இரண்டு பேரும் மிச்சக் கீரையை ஆய்ந்தோம்.

"திங்கக்கெழம வர்றேன். ஆனா அந்தப் பட்ட நான் வெட்ட மாட்டேன். எம்பேர எதுலயும் போடாதீக."

மே 19, திங்கள்

ரெஜினா வந்தாள். கத்தரிக்கோல் என் மிஷின் மேலேயே இருக்கிறது. அவள் அதைத் தொடவில்லை, தன் சின்னக் கத்தரிக்கோலால் கிடந்த எட்டு ஜாக்கெட்டையும் வெட்டினாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரி. நடந்ததைச் சொன்னேன். டாக்டர் முதலில் சிரித்துவிட்டார், பிறகு மன்னிப்பு கேட்டார். "நோட்டப் பத்திரமா வைங்கன்னு சொல்லாதது என் தப்பு" என்றார். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு என்று சொன்னார், சீட்டை எடுத்தார், அவ்வளவுதான். நானாக இருந்தால் பத்து நாள் ஆகியிருக்கும்.

புது வீட்டுப்பாடம்: பக்கத்தில் கோடு போட்டு, இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் திட்டு. நடந்தது என்ற பக்கத்தில் டேப் வைத்து அளக்க முடிவதை மட்டும்தான் எழுத வேண்டும்.

மே 20, செவ்வாய்

நடந்தது: வாழைப்பழக் கலர் ஜாக்கெட்டில் கொக்கிப் பட்டி ஒரு நூல் அகலம் கூட. திட்டு: "கண்ணு அவிஞ்சவ."

ரெஜினா எட்டிப் பார்த்தாள். "கண்ணு அவிஞ்சவளுக்கு ஒரு நூல் எப்பிடிக்கா தெரிஞ்சது?" என்றாள். வலப்பக்கத்தை அடித்தேன்.

மே 26, திங்கள்

11. அதில் நான்கு டேப்பில் வந்தன. மீதி ஏழுக்கு இடப்பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை. "நீ எதுக்குமே லாயக்கு இல்ல" என்பதற்கு எந்த இடத்தில் டேப் வைப்பது என்று தெரியவில்லை. வெகுநேரம் யோசித்துக் காலியாக விட்டேன்.

பழைய போர்வை ஒன்றை எடுத்துக் கை இரண்டு வெட்டினேன். ஒன்று வலது, ஒன்று இடது. நான்கு முறை வைத்துப் பார்த்தேன். ஆவணிக்குப் பிறகு நான் வெட்டிய முதல் துணி. ரெஜினா பார்க்காத மாதிரி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் இல்லாமல் அரை ஜாக்கெட் ஓட்டிவிட்டாள்.

மே 30, வெள்ளி

நேர்த்தெருவில் போனேன். ஹார்டுவேர் கடையில் இந்துராணி அக்கா இல்லை. ஏமாற்றமாக இருந்தது.

ஜூன் 2, திங்கள்

இன்று வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் தைக்க நாள் போதாது. காலை பத்து மணிக்குப் பட்டை மூடியிருந்த துண்டை எடுத்தேன். சாக்பீஸால் கோடு போட்டேன். அழித்துவிட்டுப் போட்டேன். பத்தேமுக்காலுக்குக் கத்தரிக்கோலை எடுத்தேன். கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

கை இரண்டையும் முதலில் வெட்டினேன். எதிரெதிர். சரி. முதுகு சரி. முன்பக்கத்தை இரண்டாக மடித்து வைத்து வெட்டும்போது பட்டு வழுக்கி, அடி மடிப்பு நகர்ந்துவிட்டது. வெட்டி முடித்துப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

கத்தரிக்கோலை வைத்தேன். எல்லாம் வரிசையாக வந்தது, பழைய நாற்பத்தாறும் புதிதாகச் சிலதும். அது முடியட்டும் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெஜினா கேட்டாள்.

"என்னாச்சுக்கா?"

"கெட்டுப்போச்சு. எல்லாம் போச்சு."

"எவ்வளவு போச்சு?"

டேப்பை எடுத்து வைத்தேன்.

நடந்தது: இடது தோள் அரை இன்ச் இறக்கம். தையலில் கால் இன்ச் பிடித்துக்கொள்ளலாம். மீதி கால் இன்ச் நிற்கும்.

வலப்பக்கம் எழுதப் பேனாவை எடுத்தேன். ரெஜினா நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முன்னால் அதையெல்லாம் எழுத வெட்கமாக இருந்தது. லைனிங்கை எடுத்து வெட்ட ஆரம்பித்தேன்.

ஜூன் 5, வியாழன்

டெலிவரி. கோகிலவாணி போட்டுப் பார்த்தாள். திரைக்கு வெளியே நின்று தோளைப் பற்றி இந்துராணி அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். "எங்க?" என்றார். காட்டினேன். "பொண்ணு தோளே அப்பிடித்தான் கோணல்" என்றார். பெண்ணின் தோள் கோணல் இல்லை, அளந்தது நான்.

ஜூன் 8, ஞாயிறு

கல்யாணத்துக்கு ரெஜினாவும் நானும் போனோம். என் வீட்டுக்காரருக்கு ஷிப்டு. மேடையில் கோகிலவாணி மாலையோடு நின்றாள். மாலை மறைக்கும் என்று நினைத்திருந்தேன். தாலி கட்டும்போது மாலையைத் தள்ளிவிட்டார்கள். இடது தோள் இறக்கம் எனக்கு நான்காவது வரிசையிலிருந்து தெரிந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், சாத்தூர். மேடையைப் பார்த்தபடியே யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

"ஜாக்கெட்டு நல்லாருக்கே. யாரு தச்சதுன்னு தெரியுமா?"

ரெஜினா என்னைப் பார்த்தாள். ஒன்பது மாதமாக இந்தக் கேள்விக்கு "எல்லாம் ரெஜினாதான்" என்று நான் சொல்லி வந்தது அவளுக்குத் தெரியும்.

"தச்சது இந்தா, இவ. வெட்டுனது நான்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், மறுபடி மேடையைப் பார்த்தார். கண் கூர்மையான ஆள்.

"எடது தோளு லேசா எறங்கியிருக்கோ?"

"ஆமா. கால் இன்ச்சு. வெட்டும்போது நகந்துருச்சு."

"அப்பிடியா" என்றார். நான் எழுந்து போகவில்லை. பிறகு அவர் மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் என்றும், பட்டு எடுத்தாகிவிட்டது என்றும், ஒட்டி வந்த பிட்டுதான் என்றும் சொன்னார்.

"நீங்களே வெட்டித் தருவீகளா?"

"நானே வெட்டுறேன்" என்றேன். அளவு ஜாக்கெட் ஒன்று கொண்டுவரச் சொன்னேன்.